பெருவிரலாரின் மஞ்சள் கிண்ணம்

எப்போதோ மூடிப்போன தையல் கூடத்தின் வாசலில் காலை ஆறு மணிக்கெல்லாம் நீளமான வரிசை நின்றது. மனிதர்கள் அல்ல, செருப்புகள். இடம் பிடிக்கச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவற்றின் சொந்தக்காரர்கள் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறே முக்காலுக்குக் கதவு திறந்ததும் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்து, அவரவர் செருப்புக்குள் காலை நுழைத்து, இடுப்பில் பிள்ளையோடு முண்டியடித்தார்கள். ஒரு மாதமாகத் தினமும் இதே கூத்து.

உள்ளே இருந்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. பெருவிரலார் என்றார்கள். பிள்ளைகளின் கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தால், அதைச் சரிசெய்வதுதான் அவர் வேலை. டாக்டர்கள் அதைப் பூஞ்சை என்கிறார்கள். பெருவிரலார் அதைப் பொறாமை என்றார். யாரோ ஒருவர் பிள்ளையின் நடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறார், அந்தக் கண் கால் வழியாக நகத்தில் போய் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஊர் இதை ஒரே மூச்சில் நம்பியது. ஏன் நம்பாது? பூஞ்சை என்றால் நம் வீட்டு அழுக்கு. பொறாமை என்றால் பக்கத்து வீட்டு அழுக்கு. எது கேட்க இனிக்கும்?

இன்னொரு காரணமும் உண்டு. அவர் காசு வாங்குவதில்லை. நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காசு வாங்காதவன் எதற்குப் பொய் சொல்லப்போகிறான் என்று கேட்டார்கள். உலகத்தில் காசைத் தவிர வாங்குவதற்கு வேறு எதுவுமே இல்லை என்பதுபோல. பெருவிரலார் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளை போட்டு வந்த ஷூவை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். பொறாமை அதற்குள் ஊறிக் கிடக்கிறதாம். ஊருக்கு வெளியே கொண்டுபோய் அவரே எரித்துவிடுவாராம். நல்ல விலையுள்ள ஷூ என்றால் பொறாமையும் அதிகமாக ஊறியிருக்கும் என்று அவருடைய மச்சான் வாசலில் நின்று விளக்கம் கொடுத்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அன்றைக்கெல்லாம் ஊரில் தலைகள் அந்த ஒரு வேலைக்குத்தான் பயன்பட்டன.

அந்த வரிசையில் ஒருநாள் காலை இருபத்து மூன்றாவது ஆளாக அளவுகோலும் நின்றார். அது அவருக்குக் கடைத்தெரு வைத்த பெயர். இருபது வருடமாகக் காலணிக் கடையில் வேலை. படியேறி வருகிற நடையைப் பார்த்தே, "உங்களுக்கு ஏழு, பையனுக்கு நாலரை, இடது கால் கொஞ்சம் அகலம்" என்று சொல்லிவிடுவார். அளவெடுக்கும் பலகையை அவர் தொட்டே பல வருடம் ஆகியிருந்தது. பக்கத்தில் அவருடைய எட்டு வயது மகள், வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடுகிற பிள்ளை, தூக்கம் கலையாமல் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாலுவின் வலது கட்டைவிரல் நகத்துக்கு வைத்தியம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு தோல் டாக்டர் நகத்தில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பி, பூஞ்சைதான் என்று உறுதி செய்து, நகப்பூச்சு மாதிரி பூசுகிற ஒரு மருந்து கொடுத்திருந்தார். நகத்தை நேராக வெட்டுங்கள், மேலாக அரத்தால் தேய்த்துவிட்டுப் பூசுங்கள், குளித்ததும் விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடையுங்கள், சாக்ஸைத் தினமும் மாற்றுங்கள், ஷூவைக் காற்றாட வையுங்கள் என்றார்.

"நகம் ரொம்ப மெதுவா வளரும். கெட்ட நகம் முழுசா போயி நல்லது வர்றதுக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். ஒண்ணுமே நடக்காத மாதிரிதான் தெரியும். நடுவுல விட்டுடாதீங்க," என்றார் டாக்டர். பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா? நகத்துல, விரல் இடுக்குல? பெரும்பாலும் வீட்டுக்குள்ள இருந்துதான் பிள்ளைங்களுக்கு ஒட்டும்."

வாலுவின் அம்மா தன் செருப்பைக் கழற்றி இரண்டு காலையும் காட்டினாள். டாக்டரின் பார்வை அளவுகோலின் பக்கம் திரும்பியது. பளபளவென்று துடைத்த கறுப்பு ஷூ. உள்ளே சாம்பல் நிறச் சாக்ஸ்.

"இல்லைங்க," என்றார் அளவுகோல். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டார்.

உண்மை என்ன? அவருடைய இடது கட்டைவிரல் நகம் பதினோரு வருடமாகப் பழைய கொம்புச் சீப்பின் நிறத்தில் இருந்தது. ஊர்க்காலுக்கெல்லாம் யோசனை சொல்கிறவர் கால் இப்படி என்று தெரிந்தால், அவரிடம் யார் காலை நீட்டுவார்கள்? அந்தப் பயத்தில் அவர் சாக்ஸோடுதான் தூங்கினார். மனைவி கேட்டால் குளிர் என்பார். கோடைக்காலத்திலும் குளிர் என்பார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகளை மடியில் உட்காரவைத்து அவர்தான் அவளுக்கு நகம் வெட்டிவிடுவார். அவருடைய நகவெட்டியால்.

இதை அவர் யோசித்துப் பார்க்காமல் இல்லை. யோசனை சரியாகச் சாக்ஸ் வரைக்கும் வந்து நின்றுவிடும். அப்படிப்பட்ட மனிதரிடம், கடையில் பக்கத்து இருக்கைக்காரர் வந்து, "அது பூஞ்சையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, யாரோ கண்ணு வெச்சிருக்காங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பதினோரு வருடப் பாரம் அப்படியே இறங்கிப்போனது. பெருவிரலாரை அளவுகோல் நேரில் பார்ப்பதற்கு முன்பே நம்பிவிட்டார்.

மனைவியிடம் சொல்லவில்லை. அவள் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் காலை ஐந்து மணி வேலைக்காரி. ஹோட்டல் மேசைவிரிப்பு, ஆஸ்பத்திரிப் போர்வை என்று வண்டி வண்டியாக வருவதைப் பிரித்து, கறை பார்த்து, எந்தத் துணி எந்தத் தொட்டிக்கு என்று சொல்வது அவள் பொறுப்பு. துணியில் கறையைப் பார்த்தால் அது எப்போது விழுந்தது, எதை வைத்துத் துடைத்தார்கள் என்றுகூடச் சொல்வாள். அப்படிப்பட்டவளிடம் பெருவிரலாரைப் பற்றிச் சொல்ல அளவுகோலுக்கு வாய் வரவில்லை.

கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் மச்சான். அவர் முன்னால் ஒரு வாளித் தண்ணீர், கையில் துணி. எல்லாப் பிள்ளைகளின் காலையும் அவர்தான் கழுவிவிடுவார். வீட்டில் கழுவிவந்தது செல்லாது.

"எங்க தண்ணிலதான் கழுவணும். கழுவின காலைத் துடைக்கக் கூடாது. தரையிலயும் படக் கூடாது," என்றார் மச்சான்.

அடுத்து, கூடத்தின் நடுவே ஒரு கறுப்புத் திரை. அதில் முழங்கால் உயரத்தில் ஒரு ஓட்டை. ஈரக் காலை அதற்குள் விட வேண்டும். பெருவிரலார் முகத்தைக் காட்டமாட்டார், பிள்ளையின் முகத்தையும் பார்க்கமாட்டார். முகத்தைப் பார்த்துவிட்டால் பாசம் வந்து தீர்ப்பு தவறிவிடுமாம். திரைக்கு மேலே ஒரு கண்ணாடி சாய்த்துக் கட்டியிருந்தது. அதில் பெற்றவர்களுக்குத் தெரிவது ஒரு வெள்ளைக் கிண்ணமும், அதில் கொஞ்சம் மஞ்சள் நிறத் தண்ணீரும்தான்.

வாலுவின் காலை உள்ளே விட்டார்கள். கட்டைவிரல் தண்ணீரைத் தொட்டது. தொட்ட இடத்திலிருந்து சிவப்பு கிளம்பிக் கிண்ணம் முழுக்கப் பரவியது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் "ஐயோ" என்றார்கள். அளவுகோல் கும்பிட்டேவிட்டார்.

"பலமான கண்ணு," என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். "தூரத்துக் கண்ணு இல்லை. தினமும் பாக்குற கண்ணு. மேலே இருந்து பாக்குற கண்ணு."

"மேலேன்னா... எங்க மாடிவீட்டு அக்காவா?"

"பேரை நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிட்டீங்க."

என்ன ஞானம் என்று அளவுகோல் அசந்துபோனார். கேள்வியும் அவர், பதிலும் அவர், புகழ் மட்டும் திரைக்குப் பின்னால் போனது. பெருவிரலார் ஒரு கெட்டிலிலிருந்து எதையோ கிண்ணத்தில் ஊற்றினார். சிவப்பு மறைந்து பழையபடி மஞ்சள் வந்தது. கண் இறங்கிவிட்டதாம். அந்தத் தண்ணீரில் நனைத்த துணி ஒன்றைத் திரைக்கு வெளியே நீட்டினார்.

"இதைக் காலைச் சுத்திக் கட்டுங்க. மேல சாக்ஸ் போடுங்க. இருபத்தோரு நாள் அவுக்கக் கூடாது. காயக் கூடாது, தினம் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும். காத்து பட்டா கண்ணு திரும்பி வந்துடும். டாக்டர் மருந்து எதுவும் வீட்ல இருக்கக் கூடாது."

வாசலில் மச்சான் வாலுவின் நீல ஷூவைக் கேட்டார். வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாலு அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். "பாருங்க, பொறாமை எப்படிப் பிள்ளையைப் பிடிச்சு வெச்சிருக்கு," என்று சொல்லி மச்சான் அதைப் பிடுங்கிக்கொண்டார். அளவுகோல் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

அன்று மாலையே மாடிப்படி ஏறிப்போய், இனிமேல் பிள்ளையை உங்களிடம் விடுவதாக இல்லை என்று சொன்னார். மாடிவீட்டு அக்காதான் மூன்று வருடமாகப் பள்ளி விட்டதும் வாலுவைக் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, வீட்டுப்பாடம் எழுதவைத்து, பெற்றவர்கள் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன தப்பு செஞ்சேன் தம்பி?" என்று கேட்டார். அளவுகோல் திரும்பிப் படியிறங்கினார். அதன்பிறகு வாலு மாலை நேரங்களைக் காலணிக் கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கழித்தாள். மனைவி கேட்டபோது, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றும், நீல ஷூ அளவு மாற்றக் கடையில் இருக்கிறது என்றும் சமாளித்தார்.

மருந்து பூசுகிற வேலையை அளவுகோல் மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நீ விடியறதுக்கு முன்னாடியே எழுந்து ஓடுற. பிள்ளை காலை நான் பாத்துக்கிறேன்," என்றார். எத்தனை வருடத்துக்கு அப்புறம் இந்த மனிதருக்கு ஒரு கரிசனம் வந்திருக்கிறது என்று அவளும் மகிழ்ந்துபோனாள். மருந்துப் புட்டி குப்பைக்குப் போனது. துணி நனைந்துகொண்டே இருந்தது.

ஒன்பதாம் நாள் வாலு நொண்டினாள். அன்று மாலை அளவுகோல் அவளை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டார். சலவைக் கூடத்திலிருந்து வந்த அவள் அம்மா கதவைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினாள். அழுக்குத் துணியோடு வாழ்கிறவள் அவள், சாதாரண நாற்றத்துக்கெல்லாம் அசைகிறவள் இல்லை.

"கால்ல என்ன கட்டு?"

"அவுக்கக் கூடாதும்மா. அப்பா சொல்லிருக்காரு."

அம்மா அவிழ்த்தாள். விரல் இடுக்கெல்லாம் ஊறி வெளுத்து, தோல் பிய்ந்து, நகத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. பக்கத்து விரல் நகத்திலும் மஞ்சள் தொடங்கியிருந்தது. தொட்டதும் பிள்ளை வீறிட்டாள். அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காலைக் கழுவி, பூப்போலத் துடைத்து, காற்றுப்பட நீட்டி வைத்துவிட்டு, அந்தத் துணியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கை பழக்கத்தில் அதற்குச் சோப்புப் போட்டாள். மஞ்சள் துணி அவள் கையிலேயே செக்கச் செவேலென்று சிவந்தது.

அளவுகோல் வந்தபோது அவள் அந்தத் துணியோடு நின்றாள். நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. திரை, கிண்ணம், மாடிக் கண், எரிந்த ஷூ. சிவந்த துணியைப் பார்த்ததும் அளவுகோலுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"பாத்தியா? இன்னும் எவ்வளவு பொறாமை இருக்குன்னு பாத்தியா?"

"இது பொறாமை இல்லைங்க, சோப்பு. மஞ்சள்தூள் கறையோட மேசைவிரிப்பு தினம் நூறு வருது. சோப்புலயோ சலவைச் சோடாத் தண்ணிலயோ போட்டா எல்லாம் இப்படித்தான் சிவக்கும். புளிப்பா எதையாவது ஊத்தினா திரும்ப மஞ்சளாயிடும். எங்க கூடத்துல புதுசா சேர்ந்த பொண்ணுங்ககூட ரெண்டாவது நாள் தெரிஞ்சுக்குவாங்க."

"அங்க யாரு சோப்பு போட்டா? பிள்ளை காலை விட்டதும் சிவந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"காலைக் கழுவிவிட்டது யாரு?"

"அவரு மச்சான்."

"எதுல கழுவினாரு?"

அளவுகோலுக்கு அந்த வாளி கண்முன் வந்தது. தண்ணீர் கொஞ்சம் வழவழவென்றுதான் இருந்தது. ஆனால் அந்த யோசனையை அவர் மேலே போகவிடவில்லை. மாடிக் கண் இல்லை என்று ஆகிவிட்டால், பூஞ்சை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி நேராக அவர் ஷூவுக்குள் இறங்கும்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்," என்றார்.

"சரி, சந்தேகத்தைத் தீத்துக்குவோம். நாளைக்கு நான் லீவு. நானும் வர்றேன். சாயங்காலம் டாக்டர்கிட்ட போகணும், அதையும் இப்பவே சொல்லிட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள். எங்கே போகிறாள் என்று அளவுகோல் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவருடைய கடை முதலாளியைப் பார்க்கப் போகிறாள் என்று தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை வாலுவை மாடிவீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் வந்தாள். அவர் எதுவும் கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டார். வரிசையில் நிற்கும்போது அவள் தோளில் பச்சைப் போர்வையில் சுற்றிய ஒரு மூட்டை. தூங்குகிற பிள்ளை மாதிரி தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றாள். அளவுகோல் நான்கு ஆள் தள்ளி நின்று பார்த்தார். போர்வைக்கு வெளியே ஒரு கால் நீண்டிருந்தது. அவருக்கு எங்கேயோ பார்த்த காலாகப் பட்டது. அளவு பன்னிரண்டரை, குழந்தைகள் பிரிவு, இடது கால். பத்து வருடமாக அவரே தினமும் காலையில் தூசி தட்டிச் சாக்ஸ் மாட்டிவிடுகிற, கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பிளாஸ்டிக் கால் அது.

மச்சான் தலை நிமிராமல் கழுவினார். ஒரு நாளைக்கு நூறு கால் கழுவுகிற மனிதர், காலுக்கு மேலே ஆள் இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஏது நேரம்?

"காலு என்ன இவ்வளவு சில்லுன்னு இருக்கு?"

"விடியறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறோம்ல," என்றாள் அவள்.

கால் திரைக்குள் போனது. கண்ணாடியில் எல்லோரும் பார்த்தார்கள். விரல் தண்ணீரைத் தொட்டது. சிவப்பு கிளம்பியது, பரவியது, கிண்ணம் நிறைந்தது. கூட்டம் வழக்கம்போல் "ஐயோ" என்றது.

"ரொம்பப் பலமான கண்ணு," என்றது குரல். "பிள்ளை சரியா சாப்பிடுதா?"

"ஒரு வாய்கூடச் சாப்பிடுறதில்லைங்க."

"தூக்கம்?"

"கண்ணே மூடுறதில்லை."

"நான்தான் சொல்றேன்ல. பிள்ளையைப் பலபேர் நின்னு பாக்குறாங்க."

"ஆமாங்க. தெருவுல போறவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுத்தான் போறாங்க."

"அதான். அந்தக் கண்ணுங்கதான் நகத்துல இறங்கியிருக்கு. பிள்ளை நடக்குறப்ப வலிக்குதா?"

"நடந்தா நாங்களே ஓடிருவோம்ங்க," என்று சொல்லிவிட்டு, அவள் போர்வையை உருவினாள். காலுக்கு மேலே முழங்கால் இருந்தது. முழங்காலுக்கு மேலே ஒன்றும் இல்லை. கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு மட்டும் இருந்தது.

வரிசையின் கடைசியில் ஒரு சிறுமி சிரித்தாள். வாலுவின் அம்மா திரையைப் பிடித்து இழுத்தாள். பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பனியனோடு, கையில் பாதி கடித்த பிஸ்கட்டோடு, நடுத்தர வயது ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊரே நடுங்கிய பெருவிரலார் அவர்தான். வாயில் இருந்ததை விழுங்கிக்கொண்டே எழுந்தார். பாராட்டத்தான் வேண்டும், அந்த நிலையிலும் அவருக்குப் புத்தி வேலை செய்தது.

"அது கடை வாசல்ல நிக்கிற காலு," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "எத்தனை பேரு கண்ணு பட்டிருக்கும்? பிளாஸ்டிக்குன்னா பொறாமை ஏறாதா? சொல்லுங்க."

கூட்டத்தில் பாதிப் பேர் யோசித்தார்கள். ஒருவர் தலையைக்கூட ஆட்டிவிட்டார். அந்தத் தலைக்கு மேல் எதை வைத்துக் கட்டினாலும் நிற்கும்.

வாலுவின் அம்மா வாதாடவில்லை. இன்னொரு கிண்ணத்தில் அவருடைய மஞ்சள் தண்ணீரையே ஊற்றினாள். மச்சானின் வாளியிலிருந்து கையில் கொஞ்சம் அள்ளி அதில் விட்டாள். சிவந்தது. பெருவிரலாரின் கெட்டிலை முகர்ந்து பார்த்து, "புளிச்ச காடி," என்று சொல்லிவிட்டு அதை விட்டாள். மஞ்சளானது. மறுபடி வாளி, மறுபடி சிவப்பு. மறுபடி கெட்டில், மறுபடி மஞ்சள். காலும் இல்லை, பிள்ளையும் இல்லை, மாடியும் இல்லை.

"யாரு வேணா வந்து ஊத்திப் பாருங்க," என்றாள்.

பிள்ளைகள்தான் முதலில் வந்தார்கள். ஆளுக்கொரு கை அள்ளி ஊற்றி, பொறாமையை வரவழைத்தார்கள், அனுப்பிவைத்தார்கள், திரும்பக் கூப்பிட்டார்கள். ஒருத்தி தன் தம்பியிடம், "இப்ப உன் கண்ணுதான் பட்டிருக்கு" என்றாள். பெரியவர்கள் அதற்கப்புறம்தான் சிரிக்கத் துணிந்தார்கள். ஆனால் ஒரு தாய்க்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"அப்போ எங்க வீட்டுப் பையன் நகம் எப்படிங்க சரியாச்சு? இங்க வந்து பத்து நாள்ல புது நகம் தெரிஞ்சுதே."

"அதுக்கு முன்னாடி டாக்டர் மருந்து போட்டீங்களா?"

"போட்டேன். ஏழெட்டு மாசம் போட்டேன். ஒண்ணும் பிரயோசனம் இல்லைன்னு விட்டுட்டுத்தான் இங்க வந்தேன்."

"ஏழெட்டு மாசம் உழைச்சது மருந்து. கடைசிப் பத்து நாள் வந்து பேரைத் தட்டிக்கிட்டது இவரு."

அந்தத் தாய் குனிந்து தன் மகனின் காலைப் பார்த்தாள். பிறகு, "அப்போ என் பிள்ளை ஷூ எங்கே?" என்று கேட்டாள். அதைக் கேட்டதும் எல்லோருக்கும் அவரவர் ஷூ ஞாபகம் வந்தது. மச்சான் பின்னறைக் கதவுக்குக் குறுக்கே நின்றார். எரித்தாகிவிட்டது என்றார். எரித்துவிட்ட பொருளுக்கு ஏன் இவ்வளவு காவல் என்று யாரோ அவரைத் தள்ளிக் கதவைத் திறந்தார்கள். உள்ளே சுவரோரம் வரிசையாகச் சாக்கு மூட்டைகள்.

"சார், நீங்க செருப்புக் கடைதானே? வந்து பாருங்க," என்று அளவுகோலை முன்னால் இழுத்துவிட்டார்கள்.

அளவுகோல் மூட்டைகளைப் பார்த்தார். ஒவ்வொரு மூட்டையின் கழுத்திலும் ஒரு அட்டை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பிறகு, குழந்தைகள் அளவு பதின்மூன்றோடு முடிவதால், மறுபடி ஒன்று, ஒன்றரை, இரண்டு. உள்ளே ஜோடி ஜோடியாகக் கயிறு கட்டித் துடைத்து வைத்திருந்தார்கள். இரண்டாம் தரச் சரக்கு விற்கிறவர்கள் எப்படி அடுக்குவார்களோ அப்படி. இருபது வருடத் தொழில் அறிவு அவருக்குள் எழுந்து நின்றது. கிண்ணம் சொல்லியும் கேட்காதவர், மனைவி சொல்லியும் கேட்காதவர், தன் தொழில் சொன்னதும் கேட்டார்.

"எரிக்கிறவன் எவனாவது அளவு பிரிச்சு வெப்பானா?" என்றார் மெதுவாக. "இது விக்கிறதுக்குக் கட்டின மூட்டை."

அதற்கு அப்புறம் அந்தக் கூடத்தில் நடந்ததை விவரிக்க ஒரு வாய் போதாது. பெருவிரலாரும் மச்சானும் பின்வாசல் வழியாக ஓடினார்கள். ஓடும்போது இருவர் காலிலும் செருப்பு இல்லை. அவை வரிசையில் எங்கேயோ கலந்துபோயிருந்தன. பெற்றவர்கள் மூட்டைகளைக் கொட்டி ஜோடி தேடினார்கள். அளவுகோல் தரையில் மண்டியிட்டு, "நீங்க பன்னிரண்டு, அந்தப் பக்கம். அம்மா, அது உங்களுது இல்லை, வலது கால் வேற கம்பெனி," என்று ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தார். நீல ஷூவும் கிடைத்தது.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி பிளாஸ்டிக் காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒண்ணு மட்டும் புரியலைங்க," என்றாள். "நீங்க ஒண்ணும் தெரியாதவர் இல்லை. கடையில ஒரு தையல் விட்டிருந்தாக்கூட ஷூவைத் திருப்பி அனுப்புற ஆளு. பிள்ளை கால் ஊறிப்போறது உங்க கண்ணுல படலையா?"

பட்டது. தினமும் தண்ணீர் தெளித்தவர் அவர்தானே. ஊறின வாசனை அவருக்கும் வந்தது. மகள் வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம், கண் இறங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லியிருக்கிறார். யாருக்குச் சொன்ன சமாதானம் அது? அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. மனைவியிடமிருந்து அந்தப் பிளாஸ்டிக் காலை வாங்கித் தானே சுமந்துகொண்டு நடந்தார்.

மாலையில் டாக்டர் வாலுவின் காலை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார். புண்ணுக்குத் தனி மருந்து எழுதினார். நகத்துக்கு மருந்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். இன்னும் ஒரு வாரம் கட்டி வைத்திருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். வாலு பயந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னமும் ஒரு சந்தேகம்," என்றார் டாக்டர். "மூணு மாசம் ஒழுங்கா மருந்து போட்டும் பக்கத்து நகத்துக்கு வந்திருக்குன்னா, அவளுக்கு எங்கிருந்தோ திரும்பத் திரும்ப ஒட்டிக்கிட்டே இருக்கு. போன தடவையே கேட்டேன். வீட்ல வேற யாருக்கும் இல்லையே?"

அளவுகோல் குனிந்து, ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். ஷூவைக் கழற்றினார். சாம்பல் நிறச் சாக்ஸை மெல்ல உருவினார். பதினோரு வருடத்துக்குப் பிறகு அந்த நகம் முதல்முறையாக வெளிச்சத்தையும், தன் குடும்பத்தையும் பார்த்தது.

மனைவி பார்த்தாள். கோடைக்காலக் குளிர் எல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நகவெட்டி?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான்," என்றார் அளவுகோல். "நான்தான் அவளுக்கு வெட்டிவிடுவேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்."

வாலு நாற்காலியிலிருந்து இறங்கி, நொண்டிக்கொண்டே வந்து, அப்பாவின் காலுக்குப் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தாள். இரண்டு நகத்துக்கும் ஒரே நிறம். அச்சில் வார்த்ததுபோல் அப்பாவும் பிள்ளையும்.

"அப்பா, அப்போ மாடி அத்தை நம்மைப் பாத்துப் பொறாமைப்படலையா?"

"இல்லைம்மா."

"அப்போ நீதான் மாடிக்குப் போய் அத்தைகிட்ட சொல்லணும். சாக்ஸ் போடாம போ."

அவர் போனார். வெறுங்காலோடு பதினெட்டுப் படி ஏறிப்போய், கதவைத் தட்டி, நடந்ததைச் சொன்னார். மாடிவீட்டு அக்கா அவர் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு, "பிள்ளையை நாளைக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வரட்டும் தம்பி?" என்று மட்டும் கேட்டார். அளவுகோலுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பெருவிரலார் இந்நேரம் வேறு எந்தத் தெருவிலாவது வேறு பெயரில் திரை கட்டியிருப்பார். முழங்கையாராகவோ காதுமடலாராகவோ அவதாரம் எடுத்திருக்கலாம். அவருக்கு வேண்டியது ஒரு கிண்ணமும் ஒரு மச்சானும் மட்டுமில்லை. தன் வீட்டுத் தப்பைப் பக்கத்து வீட்டில் இறக்கிவைக்க இடம் தேடி அலைகிற நம்மைப் போன்ற நாலு பேரும் வேண்டும். ஆகவே, யார் கண் பட்டது, எந்தத் திசையில் இருந்து பட்டது என்று விடியற்காலையில் வரிசையில் போய் நிற்கிற பெரியோர்களே, தாய்மார்களே, கிளம்புவதற்கு முன்னால் ஒரு நிமிடம் வீட்டிலேயே உட்கார்ந்து, முதலில் உங்கள் சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள்.